கோடு இல்லாத பச்சை

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் குழந்தையும் நலம்தானே? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறார். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

மாமா வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு லேத் பட்டறையில் சேரப்போவதாகச் சொன்னாயே, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாரா? இன்னும் இல்லையென்றால் இதைப் படித்து முடிக்கும்வரை பொறுக்கச் சொல்.

மாமாவை நம்பி வாங்கிய புது மெஷின் பட்டறை மூலையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அதை ஓட்டக் கூடுதல் மின் இணைப்பு வேண்டும். முடியாது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. மின்சார ஆபீஸில், "உங்க தெரு பச்சையில வருதே, பாத்துட்டு சொல்றோம்" என்கிறார்கள். நகராட்சியில், "நாங்க எங்க தடுத்தோம்?" என்கிறார்கள். பேங்கில் கடன் கேட்டாலும் அதே பச்சைதான். அக்கா, அந்தப் பச்சை எங்கள் ஆபீஸில் பூசியது.

எங்களுடையது அரசாங்க ஆபீஸ் இல்லை. ஐந்து நகராட்சிகள் ஒன்றாக உட்கார்ந்து பேச வைத்திருக்கும் மன்றம். சட்டப்படி ஒரு செங்கல்லை நகர்த்தக்கூட எங்களுக்கு அதிகாரம் கிடையாது. நாளைக்கு இந்த வட்டாரம் எப்படி இருக்கலாம் என்று படம் போடுவோம், அவ்வளவுதான். கட்டடமும் பட்டறையும் இல்லாமல் மரமும் வயலுமாக இருக்கவேண்டிய இடத்துக்குப் பச்சை பூசுவோம். அந்தப் படத்தில் எல்லைக்கோடு இருக்காது. நிறம் ஓரத்தில் மெல்ல மங்கி வெள்ளையாகிவிடும். அப்படி மங்கவைப்பதுதான் என் வேலை.

போன வாரம் மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டோம். உன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா வந்திருந்தார். வருவதாக வீட்டில் சொல்லவே இல்லை. கடைசி வரிசையிலிருந்து எழுந்து நேராகப் படம் காட்டிய திரைக்கு வந்து, நம் தெரு இருக்கும் இடத்தில் விரலை வைத்தார். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. "ஐயா, என் பட்டறை இதுக்குள்ள இருக்கா, வெளிய இருக்கா?" என்று கேட்டார்.

எங்கள் இயக்குநருக்கு ஆபீஸில் சர்க்கரை சார் என்று பெயர். கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். "உள்ள வெளியன்னெல்லாம் இதுல கிடையாதுங்க. இது சட்டமா என்ன? ஒரு கனவு" என்றார்.

"கனவுன்னா எனக்கு ஏங்க கரண்ட் வரலை?" என்றார் அப்பா. கூடமே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு, "படம் போட்டது இந்தப் பொண்ணுதான், அதுகிட்டயே கேளுங்க" என்று என்னைக் காட்டினார்.

அப்பா என்னைப் பார்த்தார். பழக்கிவைத்தபடியே நான் சொன்னேன்: "குறிப்பிட்டு இந்த இடம்னு சொல்ல முடியாதுங்க, சார்." ஆமாம், சார் என்றுதான் சொன்னேன். அப்போது என் வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை என்பது அப்பாவுக்குத் தெரியும். "சரிங்க மேடம், ரொம்ப தேங்க்ஸ்" என்று கும்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது எங்கள் ஆபீஸ்காரர் ஒருவர் அப்பாவைப் போலவே விரலை நீட்டி, "கரண்ட் வரலைங்க" என்று நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாலையில் சார் கூப்பிட்டார். "அந்த ஆள் விரல் வெச்சுக் காட்டுற மாதிரி இருந்துச்சு பாத்தியா? ஓரத்தை இன்னும் கொஞ்சம் கரைச்சிடு." நான் முதல்முறையாக வாய் திறந்தேன். அந்தத் தெருவை விட்டுவிட்டு ஒரு கோடு போட்டுவிடலாமே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "கோடு போட்டா கோர்ட்டுக்குப் போவாங்கம்மா. கோடே இல்லைன்னா எங்க போவாங்க?" என்றார். பாம்பும் சாகவேண்டும், கம்பும் உடையக்கூடாது. கரைத்துக் கொடுத்தேன். இப்போது பச்சை நம் தெருவைத் தாண்டி, வீடு கட்ட நீ பார்த்துவைத்த மனை வரைக்கும் போய்விட்டது.

அன்று இரவு சாப்பிட்டு முடித்து அப்பா ஒன்றுதான் சொன்னார்: "சுவருன்னா முட்டிப் பாக்கலாம். புகையில எங்க போய் முட்டுறது?" பிறகு, உங்கள் ஆபீஸில் ஏசி நன்றாக இருக்கிறது என்றார்.

நேற்று என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அம்மா தெரு முழுவதும் இனிப்புக் கொடுத்தாள். "என் பொண்ணு அந்த ஆபீஸ்லயே இருக்கா, நம்ம தெருவை விட்டுடுவாளா?" என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டு வந்தாள். அப்பா வாசலிலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நீ கேட்டால் அப்பா, "தாராளமா வாங்க" என்றுதான் சொல்வார். தினமும் காலையில் தார்ப்பாயைத் தூக்கி மெஷினுக்கு எண்ணெய் போடுகிறார், துருப்பிடித்துவிடக் கூடாது என்று. அதைப் பார்க்காமல் இருப்பதற்காக நான் சீக்கிரமே ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறேன்.

குழந்தையிடம் சித்தி கேட்டதாகச் சொல். மாமாவுக்கு என் வணக்கம். இருக்கும் இடத்திலேயே நீங்கள் மூவரும் நன்றாக இருங்கள், அக்கா.

உன் தங்கை