அறுத்த கூரையும் வற்றிய கிணறும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நான் சுகம், என் வாயும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். விடுமுறைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாமா, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். நல்லாக் கேட்டாய் போ. குடிக்க லாரித் தண்ணீர், கிணற்றில் வாளியை விட்டால் டங்கென்று பாறைச் சத்தம். எல்லாம் பக்கத்து வீட்டு மகராசன், உன் சித்தப்பன் செய்த வேலை. கார் கழுவ ஆழ்துளைக் கிணறு போட்டானே, அன்றைக்கே நம் ஊற்று அவன் பக்கம் போய்விட்டது. நீ அதைவிட ஆழமாகப் போடச் சொல்கிறாய், படித்தவளாச்சே. நாம் போட்டால் அவன் இன்னும் ஆழமாகப் போடுவான், இப்படியே போனால் கடைசியில் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற உன் வீட்டுச் சமையலறையில்தான் தலையை நீட்ட வேண்டும், அங்கேயும் ஏரி காய்ந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாய் வருகிறதாமே. உலகம் பூராவும் இதே கூத்து என்று டிவியில் ஒருத்தன் கோட்டு போட்டுக்கொண்டு அழுகிறான், எதிரே பாட்டில் தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிட்டுப் போகிறான்.

இதைக் கேள். சித்தப்பனுக்கும் இப்போது உப்புத் தண்ணீர்தான். கார் சொறி பிடித்த மாடு மாதிரி வெள்ளைத் திட்டோடு நிற்கிறது. உன் சித்தி வந்து, அக்கா, மழை பெய்தால் எங்கள் கூரைத் தண்ணீரையும் உங்கள் கிணற்றிலேயே விடலாமா, ஊறினால் இரண்டு வீட்டுக்கும் ஆகுமே என்றாள். எனக்கு வந்ததே சிரிப்பு. நம் கூரைத் தண்ணீர் அவன் சுவரில் சொட்டுகிறதென்று சண்டை போட்டு விளிம்பை அறுக்க வைத்தவன் இவன்தானே. நீ அப்போது வயிற்றில். அவன் போட்டிருந்த நீலச் சட்டைகூட எனக்கு மறக்கவில்லை. அவனே வந்து கேட்கட்டும் என்றேன். வந்தான், செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முதலில் உன் ஆழ்துளைக் குழியை மூடு, அப்புறம் குழாயைப் போடு என்றேன். மூடிவிட்டான். நான் மன்னித்துவிட்டதாக நினைக்காதே, பேத்தி குளிக்க வேண்டுமே என்றுதான். குழாய் இப்போது கிணற்றுக்குள் வாயைப் பிளந்து தொங்குகிறது, மழையைத்தான் காணோம். சாயங்காலமானால் அவன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வானத்தைப் பார்க்கிறான், நான் இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கிற புத்தியை அங்கேயே விட்டுவிட்டு வா. வாளி நிறைந்ததும் சொல்லி அனுப்புகிறேன், உடனே கிளம்பு. முதல் வாளி பேத்திக்கு, அடுத்தது உனக்கு. சித்தப்பன் வரிசையில் நிற்கட்டும்.

எதையும் மறக்காத
உன் அம்மா