ஹவுரா பட்டறையின் சர்வர் இன்று காத்திருந்தது

இன்று காலை மெயில் வரவுப் பதிவுத் திரையில் ஒரு வரியைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கத்தியே விட்டேன். பக்கத்து சீட் பெங்காலிப் பெண் டீயைக் கொட்டிக்கொண்டு, "கீ ஹோலோ தீதி?" என்றாள், என்ன ஆச்சு அக்கா என்று. என்னவென்று சொல்வேன் அவளிடம்? ஹவுரா பட்டறையின் சர்வர் நம் வாசலில் காத்திருந்துவிட்டு மறுபடி வந்திருக்கிறதடி! இதைக் கேட்டுக் குதிக்க வேண்டியவள் நீ. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அலுவலகத்தின் மெயில் சர்வருக்கு அப்போது நாம் இருவர்தான் காவல். முன்பின் தெரியாத இடத்திலிருந்து மெயில் வந்தால், "கொஞ்ச நேரம் கழித்து வா" என்று அது முதலில் திருப்பி அனுப்பும். ஒழுங்கான சர்வர் மெயிலைப் பத்திரமாக வைத்திருந்து மறுபடி வரும். ஊர் உலகத்துக்கெல்லாம் அதுதான் விதி. குப்பை மெயில் அனுப்புகிறவனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நமக்குச் சாமான் கடைந்து தரும் ஹவுரா பட்டறைக்காரர் சர்வருக்கும் கிடையாது. கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி, கொண்டுவந்ததைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடும். உடனே பட்டறை முதலாளியின் போன் வரும்: "தீதி, உங்க மெஷின் என் கொட்டேஷனை மறுபடி தின்னுடுச்சு!"

நம் கம்பெனி டெண்டர் மூடுகிற அந்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் படபடக்கிறது. ஆர்டர் கிடைக்காவிட்டால் பட்டறையில் பாதிப் பேரை நிறுத்த வேண்டும் என்று அவர் போனில் அழாத குறை. மேலதிகாரி வந்து, "அந்த ஆளுக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்துடுங்கம்மா, சர்வர்ல ஒரு வரி எழுதினாப் போதுமே" என்றார். எனக்குக் கை துறுதுறுத்தது. நீ அசையவில்லை. உன் வீட்டுத் திருநெல்வேலிப் பேச்சில் என் காதோடு சொன்னாய்: "ஏட்டி, இவருக்குத் திறந்தா இவரு பேரைச் சொல்லிக்கிட்டு எவனும் நுழைவான். கதவைத் திறந்து போட மாட்டேன். அவரையும் விட மாட்டேன். கெளம்பு."

படகேறி ஹூக்ளி நதியைக் கடந்தோம். லேக் மார்க்கெட்டில் வாங்கிய முறுக்கை நீ கடித்துக்கொண்டே வந்தாய். லேத் இரைச்சலுக்கு நடுவே அவரைக் கொட்டேஷனை அச்செடுக்க வைத்து, கையோடு படகில் ஏற்றி, அலுவலகத்து டெண்டர் பெட்டிக்குப் பூட்டு விழுவதற்குள் அவர் கையாலேயே போட வைத்தாய். ஆர்டர் அவருக்கே கிடைத்தது. மனுஷர் ரசகுல்லா பானையோடு வந்தார். சர்வரை மட்டும் தொட மாட்டாராம். "என் மருமகன் செஞ்சது தீதி, அதுல தப்பே கிடையாது!"

நீ சளைக்கவில்லை. அவர் மெயில் திரும்பிப் போகும்போதெல்லாம் போனை எடுப்பாய், இந்த ஊர் முறைப்படி அண்ணா போட்டு. "நொமஷ்கார் தாதா, உங்க மெயில் எங்க வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிடுச்சு." எத்தனை தடவை இந்த ஒரே வாக்கியம்! நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு நீ என்னிடம் கேட்டதும் இதைத்தான். "ஹவுரா வந்துச்சா?" இல்லையென்றேன். "வரும்ட்டி. நீ போன் பண்ணுதத மட்டும் நிறுத்தாத."

வந்துவிட்டது. நம் சர்வர் பொறு என்றது, அது பொறுத்தது, தானாகவே திரும்பி வந்தது. ஒரு விதிவிலக்கும் இல்லை! அதுவும் உன் பெயருக்கு. உன் முகவரிக்கு வருவது இப்போது என்னிடம் வருகிறது. "தீதி, மருமகன் மாத்திட்டான். வந்துச்சான்னு சொல்லுங்க" என்று எழுதியிருந்தார். அத்தனை போனிலும் நான் சொல்லவில்லை; நீ இல்லாதது அவருக்குத் தெரியாது.

மெயில் வந்ததையும் நீ போனதையும் போன் செய்து சொன்னேன். லேத்தை நிறுத்தச் சொல்லி ஆட்களை அதட்டினார். "அந்த தீதி பார்த்திருக்கணும்" என்றார். ஆனாலும் எனக்குச் சிரிப்பு பொங்கிப் பொங்கி வந்தது, சத்தியமாக.

மத்தியானம் வர்தமான் ஊரிலிருந்து ஒரு புதுக் கம்பெனியின் மெயில். அதே கதை, ஒரு தடவை பொறு என்றதும் ஓட்டம். மேலதிகாரியும் அதே ஒரு வரி விதிவிலக்கைக் கேட்டு வந்து நின்றார். அவரை உட்காரச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.

"நொமஷ்கார் தாதா, உங்க மெயில் எங்க வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிடுச்சு."