நாலாவது வண்டி

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தம்பி மூவரும் சௌக்கியம். கார் அவ்வளவு சௌக்கியம் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விஷயத்தை வேறு யாராவது சொல்லி நீ சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை, பட்டப்பகலில், நம் வீட்டு வாசலுக்குள்ளேயே, நின்றுகொண்டிருந்த ஒரு வேனை நான் காரால் இடித்துவிட்டேன். அதுவும் உன் மாமாவின் வேன். அதுவும் ரிவர்ஸில். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற கடையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவன் நான் என்பதை நீ ஞாபகப்படுத்த வேண்டாம், அந்தக் கடமையை அம்மா செய்துவிட்டாள்.

ரெண்டாவது கார் வாங்கியிருக்கிறோம், ரெண்டுக்கும் இன்சூரன்ஸ் கட்டி மாளவில்லை, என்ன செய்யலாம் என்று நீ போனில் கேட்டாய் அல்லவா, அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், இடித்த கதையும் அதற்குள்ளேதான் வருகிறது. நம் வீட்டில் என் கார், அம்மாவின் ஸ்கூட்டர், தம்பியின் பைக் என்று மூன்று வண்டி, மூன்றுக்கும் மூன்று கம்பெனி, மூன்று தேதி. ஒன்றைக் கட்டி மூச்சு விடுவதற்குள் அடுத்தது வாசலில் நிற்கும். தம்பி தன்னுடையதை இரண்டு மாதம் மறந்தே போய், இன்சூரன்ஸ் இல்லாமலே ஊர் சுற்றியிருக்கிறான், அது தெரிந்த அன்று எனக்கு உயிரே போய்விட்டது. அப்போதுதான் அம்மா தபாலாபீஸில் தன் கவுண்டருக்கு வருகிற ஏஜெண்டைப் பிடித்து வந்தாள். எதற்கெடுத்தாலும் "இங்க ஒரு கையெழுத்து போடுங்க சார்" என்றே பேச்சைத் தொடங்குவார், அதனால் நாங்கள் அவருக்குப் பேனாக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் சொன்னது இதுதான். ஒரே விலாசத்தில் நாலு வண்டி இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பாலிசியில், ஒரே தேதியில் போடலாம், ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி. ஆனால் வருஷத்துக்குள் யாராவது ஒருவர் கிளெய்ம் கேட்டால் அடுத்த வருஷம் நாலு பேருக்கும் தள்ளுபடி போச்சு.

நம்மிடம் இருப்பதோ மூன்று. உன் பழைய ஸ்கூட்டர் இருந்திருந்தால் சரியாகியிருக்கும், அதைத்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய இரும்புக்காரரிடம் போடச் சொல்லி அம்மாவிடம் சொல்லிவிட்டேனே. நான் அதை நினைத்துக் கன்னத்தில் கைவைத்தபோது அம்மா, "மாடிக்காரன் வேன் ஒண்ணு நம்ம வாசல்லயே நிக்குதே, அதுவும் இதே விலாசம்தானே" என்றாள். பேனாக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா அவர் கையில் இன்னொரு டம்ளர் காபியைத் திணித்தாள், அவர் வாய் அதற்குப் பயன்பட்டுவிட்டது.

மாடிக்காரன் என்றால் உன் மாமா, அம்மாவின் சொந்தத் தம்பி. அவனும் நானும் பேசி மூன்று வருஷம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும், ஏன் என்பது தெரியாது. சொந்தக்காரர்கள் இருபது பேர் நிற்கையில், "மச்சானுக்கு ரிவர்ஸ் மட்டும் இந்த ஜென்மத்துல வராது" என்றான். அவ்வளவுதான். நான் மாடிப்படியை மறந்தேன், அவன் கீழே காபிக்கு வருவதை நிறுத்தினான். அம்மா சாயங்காலம் டம்ளர்களை எடுக்கும்போது ஒன்று கூடுதலாக எடுத்து, பிறகு அதைத் திரும்ப வைப்பாள். நான் பார்க்காத மாதிரி பேப்பர் படிப்பேன்.

ஐந்தில் ஒரு பங்குக்காக ரோஷத்தை விட்டுவிட்டுப் பதினாறு படி ஏறினேன். தள்ளுபடியைப் பற்றிச் சொன்னேன். அவன் முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டுவிட்டு, "அதுக்குத்தான் வந்தீங்களா மச்சான்?" என்றான். அதற்குத்தான் என்றேன். வேன் காகிதங்களின் நகலை எடுத்துக்கொண்டு அவனே கீழே இறங்கி வந்தான், அம்மா அதை வாங்கி மற்றவற்றோடு நானே சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று பீரோவில் வைத்தாள். அன்று டம்ளர் திரும்பப் போகவில்லை. மறுநாளும் வந்தான். அம்மாவும் மாமாவும் சமையலறையில் எதற்கோ சிரிக்கிறார்கள், எதற்கென்று கேட்டால் என்னைப் பற்றியதாம்.

இப்படி எட்டு நாள் நன்றாகப் போனது. ஒன்பதாம் நாள்தான் அந்தச் செவ்வாய். காரைப் பின்னால் எடுக்கும்போது கொட்டகை ஓரத்தில் போர்வை போர்த்தி நிற்கிறதே பழைய வாஷிங் மெஷின், அதில் பட்டுவிடக் கூடாது என்று ஸ்டீயரிங்கைக் கவனமாக ஒடித்தேன். மெஷினில் படவில்லை. வேனின் பின்கதவில் பட்டது. உன் மாமா ஆபீஸ்களுக்குத் தண்ணீர் கேன் போடுகிறான் அல்லவா, உள்ளே இருந்த காலி கேன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கை தட்டின. நான் அக்கம்பக்கம் பார்த்தேன், யாரும் இல்லை, கடைக்குப் போய்விட்டேன். ஆமாம், போய்விட்டேன். உன் அப்பனின் லட்சணம் இவ்வளவுதான்.

சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே மாமா, "யாரோ லாரிக்காரன் நசுக்கிட்டுப் போயிருக்கான் மச்சான், நம்ம பாலிசியில ஒரு கிளெய்ம் போட்டுடலாமா?" என்றான். போட்டால் தள்ளுபடி போகும். அது போகட்டும், சேதத்தை அளந்து பார்க்கக் கம்பெனியிலிருந்து வருகிறவர் கதவில் ஒட்டியிருக்கும் என் கார் பெயிண்டைப் பார்ப்பார். பிறகு இன்னொரு மூன்று வருஷம். அம்மா அடுப்படியில் அதற்குள் காலியான நாலாவது டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் மறுபடி பதினாறு படி. "இடிச்சது நான்தான்டா" என்றேன். அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான், துப்பிவிட்டு, "தெரியும் மச்சான், ஜன்னல்லதான் நின்னேன். இன்னும் கொஞ்சம் ஒடிங்கன்னு கத்தலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, போன தடவை ரிவர்ஸப் பத்திப் பேசி மூணு வருஷம் காபி போச்சேன்னு விட்டுட்டேன்" என்றான். அப்புறம் கிளெய்ம் பேச்சு எதற்கு என்றேன். "அது உங்க மூஞ்சியப் பாக்க." நசுங்கிய கதவை நிமிர்த்த டிங்கர் கூலி பாதிப்பாதி. பார்த்துக்கொண்டிருந்ததற்கு அவன் பாதி, பார்க்காததற்கு நான் பாதி.

ஆகவே உனக்குச் சொல்வது, ரெண்டு காரையும் ஒரே பாலிசியில் கேள், ஒரே தேதியில் வை, எத்தனை வண்டி வேண்டும், எந்த வண்டி சேரும் என்று முதலிலேயே கேள், சின்னச் சிராய்ப்புக்கெல்லாம் கிளெய்ம் போடாதே, கையெழுத்துப் போடுமுன் எல்லாப் பக்கத்தையும் படி. மாப்பிள்ளையின் ரிவர்ஸைப் பற்றி எதுவும் சொல்லாதே. ஞாயிறு தவறாமல் போன் செய், அம்மா சனிக்கிழமையே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுகிறாள். இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க எங்கள் ஆசி.

உன் அன்பு அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பாலிசி தபாலில் வந்தது. வாடகைக்கும் தொழிலுக்கும் ஓடும் வண்டி இந்தத் திட்டத்தில் சேராது என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. அன்று பேனாக்காரர் காபியோடு சேர்த்து விழுங்கியது இதைத்தான் போலிருக்கிறது. மாமாவின் வேன் பட்டியலிலேயே இல்லை, அதற்கு அவனுடைய பழைய பாலிசியே தனியாக ஓடுகிறதாம். நாலாவது வண்டி என்ற இடத்தில் உன் ஸ்கூட்டர் நம்பர் இருக்கிறது, பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து. கொட்டகைக்குப் போய்ப் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். அது வாஷிங் மெஷின் இல்லை.