மூன்றாம் ஓலை

அருப்புக்கோட்டை,
புதன்கிழமை.

அன்பு மகன் ராபினுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தர் உன்னைத் திருப்பூரில் ஒரு குறையும் இல்லாமல் காக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. அப்பா சுகம், மாடு சுகம், மக்காச்சோளத்தில் புழு விழுந்திருக்கிறது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இதை வீட்டில் வைத்து எழுதவில்லை. கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கி வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு டவுனுக்கு வந்தேன். தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், ஜாக்கெட் பை மடியில் இருக்கிறது. நம் ஊர் தபால்காரரிடம் கொடுத்தால் சாயங்காலமே அப்பாவிடம் விசாரிப்பார். போனில் பேசலாமே என்றால், நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கையெடுத்துக் கும்பிடுகிற படம் ஒன்று வருகிறது. அப்பா கூப்பிட்டால் மட்டும் எடுத்து, "உங்க இஷ்டம்ப்பா" என்கிறாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் மண்டபம் பிடித்துவிட்டார், சமையல்காரருக்கும் சொல்லிவிட்டார்.

போன ஞாயிறு ஆலயத்தில் உங்கள் கல்யாண ஓலையை இரண்டாம் முறை வாசித்தார்கள். உன் பெயரையும் இவாஞ்சலின் பெயரையும் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் நிறுத்தினார். அந்த நேரத்தில் எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார்கள், பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பார்கள். எனக்கு நினைவு தெரிந்து ஒருவரும் எழுந்து நின்றதில்லை. நானும் புத்தகத்தைப் புரட்டினேன், ஒரு எழுத்தும் கண்ணில் படவில்லை. தடை தெரிந்த ஆள் அங்கே நான் ஒருத்திதான்.

கிறிஸ்மஸுக்கு வந்தபோது அடுப்படியில் என் பின்னால் நின்றுகொண்டு நீ சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "எனக்குப் பொண்ணுக பக்கம் மனசு போகாதும்மா. சின்ன வயசுலயே தெரியும். மாத்திக்க முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்." அச்சுமுறுக்கு எண்ணெயிலேயே கருகிப் போயிற்று. ஜெபம் பண்ணுவோம் என்றேன். நீயும் தலையாட்டிவிட்டு, கருகியதையெல்லாம் எடுத்துத் தின்றாய்.

அன்றிலிருந்து ஜெபம் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். போதகரிடமும் யாரோ ஒரு வீட்டுப் பையனைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டேன். ஊக்கமாக ஜெபித்து ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். சரியாகவில்லை என்றால் வந்த பெண்ணின் கதி என்ன என்று கேட்டேன். அதற்கும் ஜெபிப்போம் என்று சொல்லிவிட்டு, மல்லாங்கிணற்றில் ஒரு வீடு பிரதிஷ்டை இருக்கிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் சொன்னதில் அந்தப் பெண் எங்கேயுமே இல்லை.

அந்தப் பெண் திங்கட்கிழமை நம் வீட்டுக்கே வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு, டீச்சர் சேலையோடு, பாலவனத்தத்தில் பஸ் ஏறித் தனியாக வந்திருக்கிறாள். நல்லவேளை, அப்பா புழுவுக்கு மருந்தடிக்கப் போயிருந்தார். அவள் காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "அவுக எங்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கிறாக அத்தை. என்னையப் பிடிக்கலன்னா இப்பவே சொல்லிரச் சொல்லுங்க, நான் தாங்கிக்கிருவேன். கல்யாணம் முடிஞ்சப்புறம் தெரிஞ்சா தாங்க மாட்டேன்." சாப்பிட்டுவிட்டுப் போம்மா என்று மட்டும் சொன்னேன். அவளும் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

ராபின், நீ இப்படி இருப்பது ஏன் என்று நான் கர்த்தரிடம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வேதத்தையும் திறந்து வைத்துப் பார்க்கிறேன். ஒரு பக்கம் படித்தால் பயமாக இருக்கிறது, இன்னொரு பக்கம் படித்தால் அழுகை வருகிறது. அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு, மெல்லத் தீரட்டும். ஆனால் தெரிந்தே ஒரு பெண்ணைப் பலிபீடத்துக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தி ஏமாற்றுவது பாவமா இல்லையா என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் உனக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்தவள் நான். பொய்ச்சாட்சி சொன்னவர்கள் வரிசையில் நீயும் நானும் சேர்ந்து நிற்க வேண்டாம்.

வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை, அதுதான் கடைசி வாசிப்பு. இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும் என்கிறார்கள். சனிக்கிழமைக்குள் நீயே அப்பாவைக் கூப்பிட்டு, எனக்கு இந்தக் கல்யாணத்தில் சம்மதமில்லை என்று சொல்லிவிடு. அவ்வளவு போதும், காரணம் சொல்ல வேண்டாம். இவாஞ்சலினிடமும் நீயே பேசு. குறை அவளிடம் இல்லை என்பதை அவள் உன் வாயால் கேட்க வேண்டும்.

நீ சொல்லாவிட்டால், போதகர் தடை உண்டா என்று கேட்கும்போது நான் எழுந்து நிற்பேன். பையனுக்குச் சம்மதமில்லை, பெற்றவளுக்குத் தெரியும் என்பேன். அதற்கு மேல் யார் கேட்டாலும் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. மீதியை எப்போது, யாரிடம் சொல்வது, சொல்லாமலே இருப்பது எல்லாம் உன் இஷ்டம்.

எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. அப்பா நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அவர் சபைக் கமிட்டியில் இருப்பவர், முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்ததும் உன்னை இங்கேயே வேலைக்குச் சேர்த்துவிடலாம், பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சோளக் காட்டுக்குப் போகலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அந்த முகத்துக்கு முன்னால்தான் நான் எழ வேண்டும். என்னோடு பேசாமலே இருந்துவிடுவாரோ என்றும் பயம். இருந்தாலும் நிற்பேன்.

இதையெல்லாம்விடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. உன்னோடு தங்கியிருக்கிற நம் ஊர் மாரிசெல்வத்துக்கு நேற்றுப் போன் செய்தேன். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, லீவு போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாய் என்றான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உயிரே இல்லை. கதவைச் சாத்தாதே ராசா. நம் வீட்டுக் கல்யாணம் நின்றால் ஊர் நாலு நாள் பேசும், பிறகு வேறு வீட்டுக் கதைக்குப் போய்விடும். நீ இல்லாமல் போனால் எனக்குப் பேசக்கூட ஒன்றும் இருக்காது.

சனிக்கிழமை கிளம்பி வா. மதுரையில் இறங்கினால் அதிகாலையில் பஸ் இருக்கிறது. ஆலயத்தில் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் போதும். நான் எழுந்து நிற்க வேண்டி வந்தால் நீ மட்டும் தலையைக் குனியாதே, என்னைப் பார். அந்த நேரத்தில் எனக்கு உன் முகம் வேண்டும்.

வர முடியாவிட்டால் போனையாவது எடு. கையெடுத்துக் கும்பிடுகிற அந்தப் படத்தை மட்டும் இனி எனக்கு அனுப்பாதே. என்னிடம் மன்னிப்புக் கேட்கும்படி நீ ஒன்றும் செய்யவில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். நான் உன் வரத்துக்காகக் காத்திருக்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
இன்பராணி