அடைப்பா, ஆட்டமா

திருவாடானைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவனும், பள்ளி விடுதியில் உன் பக்கத்துப் பாயில் படுத்தவனும், இப்போது இராமநாதபுரத்தில் வழக்கறிஞனுமாகிய நான், இராமேஸ்வரம் கடலில் சங்கு குளித்து வாழ்ந்து மறைந்த உனக்கு, நானே கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

இன்று காலை ஒரு கிரையப் பத்திரத்தைத் தேடிப் பீரோவைத் திறந்தபோது, உன் இதயப் படம் இருந்த பெரிய உறை கைக்கு வந்தது. ஈரக் காற்றில் பிலிம் உறையோடு ஒட்டியிருந்தது. மெல்லப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

சென்ற ஆண்டு, வள்ளத்தில் ஏறும்போதே உனக்கு நெஞ்சு அடைத்தது. உடம்புக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு நீ இசையவில்லை. ஆகவே சி.டி. ஸ்கேன் எடுக்க மதுரைக்கு அழைத்துச் சென்றேன். இனி நீ கடலில் இறங்கலாமா, கூடாதா என்பதை அந்தப் படம்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்கேன் எடுக்கும் பெண் விளக்கினார்: இதயம் அசைந்துகொண்டே இருப்பதால் படம் கலங்கும். மாத்திரையால் துடிப்பைக் குறைத்து, இரு துடிப்புகளுக்கு நடுவே அது ஓய்கிற கணத்தில் எடுப்போம். சொல்லும்போது மூச்சை நிறுத்த வேண்டும்.

"மூச்சப் பிடிக்கவா? எனக்கா சொல்ற தாயி?" என்று சிரித்தாய்.

ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு இப்புறம் நின்று பார்த்தேன். அவர் சொல்லுமுன்பே விறுவிறுவென்று மூச்சை இழுத்து விட்டாய். பிறகு நெஞ்சு புடைக்கத் தம் கட்டினாய். திரையில் துடிப்பு தாறுமாறாக ஓடியது.

"எதுக்கு ஐயா இப்படி மூச்சு வாங்குறீங்க?"

"பின்ன, முங்க வேணாமா?"

படம் கலங்கிவிட்டது. "ரத்தக் குழாயோட ஓரம் ரெட்டையாத் தெரியுது. அடைப்பா, ஆட்டமான்னு சொல்ல முடியல" என்றார் மருத்துவர். என் தொழிலில் இதற்குச் சந்தேகத்தின் பலன் என்று பெயர். அந்தக் கலங்கிய படம் அதை உனக்கு வழங்கியிருந்தது.

மறுபடி எடுக்குமுன் உன்னருகே உட்கார்ந்தேன்.

"மாப்ள, நீ முங்க வேணாம். மத்தவய்ங்க முங்கியிருக்காய்ங்க. நீ வள்ளத்துல சும்மா உக்காந்து அவய்ங்க கயித்தப் பாத்துக்கிட்டிரு."

"நானா? என் பொழப்புல ஒரு நாளும் சும்மா உக்காந்ததில்லையேடா வக்கீலு."

"இன்னைக்கு உக்காரு."

உட்கார்ந்தாய், மேசையில் படுத்திருந்தபடியே வள்ளத்தில் உட்கார்ந்தாய். முகத்தில் அது தெரிந்தது. நான் கண்ணாடிக்கு இப்புறம் வந்தபோது திரையில் துடிப்பு அடங்கியிருந்தது. குழாயின் ஓரம் ஒற்றைக் கோடாக வந்தது. அடைப்பும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது.

திரும்பும்போது, பாம்பன் பாலத்துக் காற்று பேருந்துக்குள் அடித்தது. "அப்ப இனிமே வள்ளத்துலயேதானா?" என்று கேட்டாய். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டாய். குறித்த நாள் வருமுன், ஒரு காலையில், கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய்.

இந்தப் படத்தில் உன் இதயம் அசையாமல் நிற்கிறது. அறியாதவர் அதை நின்றுபோன இதயம் என்று கொள்ளக்கூடும். அவ்வாறன்று. அது இரு துடிப்புகளுக்கு நடுவே இளைப்பாறிய கணம். அடுத்த துடிப்பு வந்தது. திரையில் நான் கண்டேன். அதற்கு நான் சாட்சி.

(ஒப்பம்)
வெ. கதிரேசன்
இராமநாதபுரம், 2009

படிக்கக் கேட்ட சாட்சிகள்:
1. காளியம்மாள், உன் மனைவி
2. பூமிநாதன், வள்ளத்தில் உனக்குக் கயிறு பிடித்தவர்