பின்வரிசையில் முதல் பெயர்

ஜூன் 3, செவ்வாய்

மூடுபனி. தபால் வண்டியில் காலை முழுக்க ஊர்ந்தேன். பண்ணைக்குப் பண்ணை நிறுத்தி, பெட்டிக்குள் காகிதத்தைத் திணித்து, மறுபடியும் ஊர்ந்து. ஒரு மனித முகம் கண்ணில் படவில்லை. ஒரு நாய் குரைத்தது, அதனிடம் வணக்கம் சொன்னேன். மாலை ஐந்து வரை நான் பேசியது அவ்வளவுதான்.

ஐந்துக்கு ஹீத்தை அவன் பண்ணை வாசலில் ஏற்றிக்கொண்டேன். செவ்வாயும் வியாழனும் ஃபுட்பால் பயிற்சி; பந்தைக் கையாலும் பிடித்து, கோலுக்கு ஆறு புள்ளி, ஓரம் போனால் ஒன்று என்று ஆடும் எங்கள் ஊர் ஃபுட்பால். டாரிங்கல் மைதானத்துக்குப் போக அரை மணி, வர அரை மணி. வழக்கம்போல முட்டை சாண்ட்விச்சைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினான். ஹீத்துக்கு முப்பத்தாறு வயது. எங்கள் ஃபுல் பேக். எங்கள் கோலுக்கு முன்னால் நின்று, எதிரணியின் முக்கிய கோல்காரனை மடக்க வேண்டியவன். நான் பயிற்சியாளர் ஆவதற்கு முன்பிருந்தே அந்த இடம் அவனுடையது.

போன சனிக்கிழமை அவன் மடக்க வேண்டியவன் ஏழு கோல் அடித்துவிட்டான். வண்டியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மழை வருமா என்று பேசினோம். ஆட்டு விலை பேசினோம். நன்றாக இருந்தது.

ஜூன் 5, வியாழன்

அணித் தேர்வு. நானும் கிளப் தலைவர் நோயலும் மட்டும். அவர் உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ரோட்னி, உனக்குக் கண்ணு தெரியலையா? ஹீத் ஓடுறானா, நடக்குறானா?"

"அவனுக்கு அனுபவம் இருக்கு."

"அனுபவம் போய்ப் பந்தைத் துரத்துமாய்யா? இரண்டாம் அணியில டார்சி இருக்கான். பத்தொன்பது வயசு. முயல் மாதிரி ஓடுறான், மரம் மாதிரி தாவுறான்னு ஊரே பேசுது."

"மரம் எங்கய்யா தாவும்?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பிடிவாதம் பிடித்து ஹீத்தையே வைத்தேன். பயிற்சிக்குப் பிறகு கூடத்தில் எல்லோரும் சூப்பும் சாசேஜுமாக உட்கார்ந்திருக்க, அணியை வாசித்தேன். பின்வரிசையிலிருந்துதான் வாசிப்போம், அதிலும் ஃபுல் பேக் முதலில். "ஃபுல் பேக், ஹீத்." அவன் கையை உயர்த்தினான். இத்தனை வருடமாக முதலில் உயரும் கை அதுதான்.

ஜூன் 7, சனி

தோல்வி. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மனைவி ஜெனின் போன் செய்தாள். பெரிய மேஜையை விற்றுவிடலாமா என்று கேட்டாள். விற்றுக்கொள் என்றேன். ஆறு பேர் உட்காரும் மேஜை, நான் அதன் ஓரத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.

"யார்கிட்டயாவது பேசுறியா, ரோட்னி?"

"பேசுறேனே."

"யார்கிட்ட?"

"ஹீத்கிட்ட."

"அவனைத் தவிர?"

அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. பிரிந்து போன பிறகும் இவளுக்கு எப்படித்தான் சரியாக அந்த இடத்தில் கை வைக்கத் தெரிகிறதோ.

ஜூன் 14, சனி

ஹீத், டார்சி இருவரையும் ஒன்றாகப் பின்வரிசையில் போட்டுப் பார்த்தேன். யாரையும் நோகடிக்காமல் தப்பிக்கலாம் என்ற நப்பாசை. இரண்டு நெட்டைகள் நடுவில் எதிரணிப் பொடியன்கள் புகுந்து புகுந்து அடித்தார்கள். இடம் ஒன்றுதான். ஒருவன்தான்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று வண்டியில் ஹீத் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றான். முட்டி மடங்கவில்லை. "குளிரு" என்றான். நானும் "ஆமா, குளிருதான்" என்றேன்.

அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டால் அவன் ஆட்டத்தையே விட்டுவிடுவான். பாவம், இதை விட்டால் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். அவனுக்கு மனைவி மெலிண்டா இருக்கிறாள். மூன்று குழந்தைகள் இருக்கிறார்கள். ஆடு, பயிர், மாமனார், மச்சினன் எல்லாம் இருக்கிறது. யாருக்கு என்ன இல்லை? யாருக்காகடா நீ டீம் எடுக்குற, ரோட்னி? உனக்கு வாரத்துல ரெண்டு நாள் பேச்சுத்துணை வேணும்னு பதினெட்டுப் பேரைத் தோக்க வைக்கிறியா?

ஜூன் 26, வியாழன்

எழுதவே கை கூசுகிறது.

டார்சியைத்தான் போட வேண்டும் என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டேன். நோயலிடமும் சொல்லிவிட்டேன். மிச்சம் இருந்தது ஒன்றுதான். எங்கள் கிளப்பில் ஒருவனை அணியிலிருந்து எடுத்தால், வாசிப்பதற்கு முன்னால் பயிற்சியாளர் அவனைத் தனியாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொல்ல வேண்டும். அடிக்கலாம், அழலாம், கெட்ட வார்த்தை பேசலாம், அது அங்கேயே முடிந்துவிடும். பிறகு இருவரும் உள்ளே வந்து சூப்புக் குடிப்பார்கள். என்னையும் ஒரு காலத்தில் அப்படித்தான் எடுத்தார்கள்.

போகும் வழியில் வண்டியிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சாண்ட்விச்சைப் பிய்த்து நீட்டினான். சரி, தொட்டிக்குப் பின்னால் சொல்லலாம். பயிற்சி முடிந்தது. அவன் என்னைப் பார்த்தபடியே காலணிக் கயிற்றை மெதுவாக, ரொம்ப மெதுவாக அவிழ்த்தான். நான் மைதானத்தில் வைத்திருந்த பயிற்சிக் கூம்புகளைப் பொறுக்கினேன். யாராவது பொறுக்கியிருப்பார்கள். நான் பொறுக்கினேன். பிறகு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

காகிதத்தை எடுத்தேன். "ஃபுல் பேக்..." என்றேன். ஹீத்தின் கை பாதி உயர்ந்துவிட்டது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, "டார்சி" என்றேன்.

பாதி உயர்ந்த கையால் அவன் தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு கைதட்டினான். அவன்தான் முதலில் தட்டினான். டார்சி தலையைக் குனிந்துகொண்டான்.

திரும்பும்போது ஹீத் வேறு யாருடைய வண்டியிலோ போய்விட்டான். அரை மணி தனியாக ஓட்டி வந்தேன். சீ. நானெல்லாம் ஒரு மனுஷனா.

ஜூன் 28, சனி

ஜெயித்தோம். டார்சி தன் ஆளுக்கு ஒரே ஒரு கோல்தான் விட்டான். பந்தைத் தாவிப் பிடிக்கும்போதெல்லாம் மைதானத்தைச் சுற்றி நிறுத்தியிருந்த கார்கள் அத்தனையும் ஹார்ன் அடித்தன. காதைப் பொத்திக்கொண்டேன்.

ஹீத் வரவில்லை. சிற்றுண்டிச் சாளரத்தில் அவன் மனைவி மெலிண்டா சாசேஜ் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முறை இன்று. ஒன்று கொடு என்றேன்.

"வெங்காயம் வேணுமா?"

"போடு."

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே வியாழக்கிழமை?"

வரிசையில் என் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவள் குரலைக் குறைக்கவே இல்லை.

"போன வருஷமே நிறுத்தணும்னு இருந்தான், தெரியுமா? முட்டிக்கு ஊசி போட்டுப் போட்டு ஆடினான். ஏன்டா இப்படிச் சாகறேன்னு கேட்டேன். ஜெனின் போனதுலேர்ந்து ரோட்னி தனியா ஓட்டிட்டுப் போறானே, பாவம்னான். பாவமாம்! அந்தப் பாவத்துக்கு நல்லா செஞ்சே."

காசைக் கொடுத்தேன். சாசேஜை எடுக்க மறந்து வந்துவிட்டேன்.

அதே நாள்

தூக்கம் வரவில்லை. என்னைப் பார்த்து ஒருவன் பரிதாபப்பட்டிருக்கிறான், அது எனக்குத் தெரியவே இல்லை. நான் அவனுக்குப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். அவமானமா, கோபமா, என்னவென்றே பிடிபடவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்குமோ?

ஜூலை 1, செவ்வாய்

அவன் பண்ணை வாசலில் வண்டியை நிறுத்தினேன். பழக்கதோஷம். கொஞ்ச நேரம் எஞ்சினை அணைக்காமல் இருந்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூலை 3, வியாழன்

இன்றும் நிறுத்தினேன்.

ஜூலை 16, புதன்

தபால் போடும்போது ஹீத் அவன் வேலியோரம் நின்றிருந்தான். கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். நான் இறங்கியிருக்கலாம். ஐம்பத்து மூன்று வயதுக் கழுதை, கை காட்டிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். அவனும் கை காட்டினான். அவ்வளவு மரியாதையான கைகாட்டலை அவனிடம் நான் பார்த்ததே இல்லை. அந்நியர்களுக்குக் காட்டுவது.

ஆகஸ்ட் 9, சனி

வரிசையாக ஐந்தாவது வெற்றி. இறுதிக்கட்ட ஆட்டங்களுக்குத் தகுதி பெற்றுவிட்டோம். நோயல் முதுகில் அறைந்து, "சொன்னேன் பாத்தியா!" என்றார். எல்லோரும் குடித்தார்கள், பாடினார்கள். நானும் பாடினேன். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து பீன்ஸ் சாப்பிட்டேன், சூடாக்காமல். ஜெயித்ததைச் சொல்ல ஆளில்லை. ஜெனினுக்கு போன் செய்யலாமா என்று எடுத்து, வைத்துவிட்டேன். அவளுக்கு ஃபுட்பால் பிடிக்காது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சனிக்கிழமை அரையிறுதி. மழையாம். எதிரணியின் ஃபுல் ஃபார்வர்ட், அதாவது முக்கிய கோல்காரன், எருது மாதிரி ஆள். ஈரத்தில் டார்சியால் தாவ முடியாது, அந்த எருது தோளால் ஒரு இடி இடித்தால் பையன் வேலிக்கு வெளியே கிடப்பான்.

"ஹீத்தைக் கூப்பிடு. இந்த ஒரு ஆட்டத்துக்கு" என்றார் நோயல்.

நெஞ்சு துள்ளியது. ஆட்டத்துக்காகத் துள்ளவில்லை என்பது எனக்கே தெரியும்.

நேரே அவன் பண்ணைக்குப் போனேன். பட்டியில், ஈ மொய்த்துப் புண்ணாகாமலிருக்க ஆட்டுக்குட்டிகளுக்கு வால் நறுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "கேட்டைச் சாத்திட்டு வா, ஓடிடும்" என்றான். சாத்தினேன். ஒரு குட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தான். பிடித்துக்கொண்டேன். அடுத்தது. அதற்கு அடுத்தது.

"மன்னிச்சிடு, ஹீத்" என்றேன். குட்டி கத்தியதில் அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், சத்தமாக.

"கேட்டுச்சு. மொதல்லயே கேட்டுச்சு."

"தொட்டிக்குப் பின்னால உன்னைக் கூப்பிட்டிருக்கணும்."

"கூப்பிட்டிருந்தா அப்பாடான்னு உன் கையைக் குலுக்கிட்டு வந்திருப்பேன்ப்பா. நானும் எவ்ளோ நேரம்தான் ஷூ கயிறை அவுக்கறது? சரி, என்னை டீம்லேர்ந்து எடுக்கல போலன்னு நினைச்சேன். பாதிக் கையைத் தூக்கிட்டேன், ரோட்னி. முப்பது பேரு பாத்தாங்க. அதுதான். மத்தது ஒண்ணும் இல்ல."

"சனிக்கிழமை ஆட வர்றியா?"

கேட்டுவிட்டேன். அவன் கத்தியைக் கால்சட்டையில் துடைத்தான்.

"முட்டி போச்சு. போன வருஷமே போச்சு. பையனையே ஆட விடு."

"அப்ப மெலிண்டா சொன்னது... எனக்காகத்தான் ஆடினியா?"

சிரித்தான். "எல்லாத்தையும் உன் தலைல ஏத்திக்காத. வீட்டுல மூணும் சேந்து போடற கூச்சல் உனக்குத் தெரியாது. உன் வண்டியில ஒரு மணி நேரம் உக்காந்தா எனக்கும் நிம்மதி."

இங்கே வண்டியில் ஏறிக் கிளம்பியிருக்க வேண்டும். வந்த வேலை முடிந்துவிட்டது. ஏனோ, கையில் கடைசிக் குட்டியை வைத்துக்கொண்டே நின்றேன். அது என் சட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது. பிறகு வாயிலிருந்து வந்துவிட்டது.

"வீட்டுக்குப் போகப் பிடிக்கல, ஹீத். அங்க யாருமே இல்ல."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில்கூட இப்படி எழுதியதில்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. குட்டியை வாங்கித் தாயிடம் விட்டான். "பயிற்சிக்கு நேரமாச்சு, போ. முடிச்சிட்டு இங்க வா. உருளைக்கிழங்கு உரிச்சுக் குடுத்தா மெலிண்டா பாதித் திட்டோட விட்டுடுவா."

முழுத் திட்டும் விழுந்தது. "வாங்க தொரை, வழி தெரிஞ்சுதா?" என்று ஆரம்பித்து, தட்டில் மூன்றாம் முறை கறி வைக்கும் வரை ஓயவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

வாசிப்பதற்கு முன்னால் டார்சியைத் தனியாகக் கூப்பிட்டேன். பையன் முகம் வெளுத்துவிட்டது.

"என்னைத் தூக்கிட்டீங்களா, கோச்?"

"இல்ல. நீதான் ஆடுற. அந்த எருது உன்னை இடிப்பான், கீழ விழுவ, ஊரே சிரிக்கும். நாளைக்கு யாராவது கேட்டா நான்தான் உன்னை அங்க நிறுத்தினேன்னு சொல்லு."

"ஹீத் வருவாருன்னு எல்லாரும் சொன்னாங்க."

"வரல. நான் போய்க் கேட்டேன். உன்னையே ஆட விடச் சொன்னான்."

தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினான். ஹீத்தைக் கூட்டி வராததற்கு நோயல் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

மழை. கடைசி நிமிடத்தில் எருது இடித்தான், டார்சி சேற்றில் விழுந்தான், கோல். நான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். நோயல் தொப்பியைத் தரையில் எறிந்தார். பையன் எழுந்திருக்காமல் கிடந்தான். போய்ப் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தேன். அவன் எழும் வரை கூட உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

அடுத்த வருடம் வேறு பயிற்சியாளரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். நோயல் ஒரு தடவைதான் வற்புறுத்தினார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஆட்டம் எல்லாம் முடிந்து மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். பயிற்சி இல்லை. ஐந்து மணிக்கு ஹீத் வீட்டுக்குப் போனேன். அவன் இன்னும் வயலிலிருந்து வரவில்லை. சின்னவளுக்கு வகுத்தல் கணக்கு வரவில்லை, எனக்கும் வரவில்லை, இருவரும் மெலிண்டாவிடம் திட்டு வாங்கினோம். பெரியவர்கள் இருவரும் டிவிக்காக அடித்துக்கொண்டார்கள். காது வலிக்கும் கூச்சல். மெலிண்டா என்னிடம் தட்டுகளைக் கொடுத்து மேஜையில் வைக்கச் சொன்னாள். எண்ணி ஐந்து வைத்தேன். அவள் பார்த்துவிட்டு இன்னொன்றை எடுத்து வைத்தாள்.

ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.