மூன்றாவது வரிசை

பிப்ரவரி 17, செவ்வாய்

நோன்புக் கஞ்சிக்கு நொய் வாங்க மேலப்பாளையத்திலிருந்து டவுணுக்குப் போனேன். வாங்கினேன். பையைக் கடையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தேன். என் மனைவி ஆசியாவுக்கு ஒரே சிரிப்பு.

நாளை முதல் ரமலான் இரவுத் தொழுகை. குர்ஆனைப் பார்க்காமல் ஓதும் இமாமுக்கு நேர் பின்னால் நின்று, அவர் தடுமாறினால் எடுத்துக் கொடுப்பது முப்பத்தொரு வருடமாக என் வேலை. எழுபத்திரண்டு வயதில் முதல்முறையாகப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

விசிறி கிறீச்சிடுகிறது. யாரோ இருமுகிறார். முன்பு தொழுகையில் இதெல்லாம் காதில் விழுந்ததே இல்லை. இப்போது எல்லாம் உள்ளே வருகிறது — மனதின் வாசலில் நின்று தடுத்த ஆள் எங்கே போனான்?

பிப்ரவரி 24, செவ்வாய்

அல்லாஹ்வே, மன்னித்துவிடு.

இமாம் சல்மான் ஃபாரிஸ் சரியாகத்தான் ஓதினார். ஒரே மாதிரித் தொடங்கும் வசனம் குர்ஆனின் இன்னொரு சூராவிலும் உண்டு. நான் அதை எடுத்துக் கொடுத்தேன். அவரும் அதையே ஓதினார். சட்டென்று உறைத்து, மறுபடி சரியாக ஓத வைத்தேன். சரியாக ஓதிக்கொண்டிருந்தவர் ஏன் மாற்றினீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"அசன் மைதீன் மாமா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு என் ஓதலை விட்டுட்டேன்."

இனி நான் அங்கன நிக்கக் கூடாது. எப்படி நிப்பேன்?

பிப்ரவரி 25, புதன்

என் இடத்தை ஹசன் அலிக்குக் கொடுத்துவிட்டேன். அவரும் குர்ஆனை மனனம் செய்தவர். "பின்னால நின்னாலும் தொழுகைதான். பைய நில்லுங்க" என்றாள் ஆசியா.

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது வரிசை. பொறுப்பு ஒன்றுமில்லை. மாடியில் காயப்போட்ட கைலியை எடுத்தோமா என்று மனம் அலைந்தது. இமாம் ஓரிடத்தில் நின்றுவிட்டார். ஹசன் அலிக்கும் வரவில்லை. ஒரு குரல் எடுத்துக் கொடுத்தது.

என் குரல்!

சத்தியமாக நான் கைலியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து வயதில் ஓதிப் பழகியது. நான் கவனிக்காதபோது அதை யார் வைத்திருந்தது? சுப்ஹானல்லாஹ்.

மார்ச் 4, புதன்

பழைய இடத்துக்கே வரச் சொல்கிறார்கள். மாட்டேன் என்றேன். அங்கே நின்றால் இமாம் எப்போது தடுமாறுவார் என்று காத்திருப்பேன். காத்திருந்தால் தப்பு வருகிறது.

மார்ச் 17, செவ்வாய்

நேற்று இருபத்தேழாம் இரவு. தொழுகை முடிந்ததும் இமாம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு மூணு இடத்துல காப்பாத்திட்டிய மாமா."

சிரித்துவைத்தேன். அந்த மூன்றில் எனக்கு ஒன்றுதான் தெரியும்.